காகித ஆலைக் காணிக்கு எதைக் கேட்பது? வாழைச்சேனைக்கு ஓர் ஒப்பீடு

"அண்ணன், மகஜர் எழுதப் போறம். ஆலையத் திறங்க எண்டு கேக்கிறதா, இல்லாட்டி அந்தக் காணியில வேற என்னவும் கேக்கிறதா? ரெண்டு மணித்தியாலம் கூட்டம் வச்சும் முடிவு வரல்ல."

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் பழைய ஓட்டத்துக்குத் திரும்பாமல் கிடக்கும் காகித ஆலையைப் பற்றி, ஊரார் கொடுக்கப்போகும் கோரிக்கை மனுவுக்காக, பேத்தாழையில் இருந்து ஒரு தம்பி போன மாதம் இப்படிக் கேட்டிருந்தார். இரண்டு கிழமை கழித்து ஓட்டமாவடியில் இருந்து ஒரு தங்கை எழுதினார். ஆலை திறந்தாலும் திறக்காவிட்டாலும் சரி, ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டுக்கு முன் வீடு திரும்பக்கூடிய வேலைத்தலம் ஒன்று வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கனடாவில் இருக்கும் ஒரு மாமாவோ, ஹோட்டல் தொழிலுக்கு அந்தக் காணியைக் கொடுக்கச் சொல்லுங்கள், நாங்களும் பணம் போடுவோம் என்கிறார்.

மூவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆலைக் குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா முப்பது வருடத்துக்குக் கிட்ட அங்கே வேலை செய்தார். ஆலை மறுபடி புகை விட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

## ஊர் எப்படி இங்கே வந்து நின்றது

ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த நாட்களில் தொடங்கிய மூன்று ஆலைகளை எங்கள் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. வாழைச்சேனையில் 1956இல் கடதாசி வரத் தொடங்கியது. இடத்தை யோசித்துத்தான் தெரிவு செய்திருக்கிறார்கள். சுற்றிலும் நெல் வயல், வயலில் வைக்கோல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், வாசலில் ரயில் பாதை.

ஆலையோடு சேர்ந்து ஊரும் வளர்ந்தது. ஒரு குடியிருப்புக்குக் காகித நகர் என்றே பெயர் நின்றுவிட்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓட்டமாவடிப் பாலத்தில் சைக்கிள் வரிசையாக வரும். அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே வழி. ரயில் வருகிறதென்றால் அத்தனை சைக்கிளும் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு காத்து நிற்கும். தமிழர், முஸ்லிம்கள், தெற்கில் இருந்து வந்து குடும்பத்தோடு தங்கிய சிங்களவர் எல்லோரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

பிறகு அடி மேல் அடி. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. எங்கள் கடதாசியைவிட வெள்ளையான, மலிவான கடதாசி கடைக்கு வந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. யுத்தம் தொடங்கியதும் வைக்கோல் லொறி ஓட முடியாமல் போயிற்று, தொழில் தெரிந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், புதிய மெஷினுக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை. யுத்தம் முடிந்தபின் கழிவுக் கடதாசியைக் கொண்டு ஓட்டிப் பார்க்கும் முயற்சிகள் நடந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த அந்தப் பழைய நிலைக்கு ஆலை திரும்பவே இல்லை.

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப் போட்டார்கள். அந்த நாட்களில் வாழைச்சேனைத் தேநீர்க் கடைகளில் எங்கே போனாலும் ஒரே கதைதான்: "நம்மட மில் ஓடியிருந்தா..." உண்மையாகவே அது முழுதாக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

கூட்டத்தில் முடிவு வராததற்குக் காரணம், ஒவ்வொருவரும் வெவ்வேறு தராசோடு வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் தராசை ஒன்றாக்குவோம்.

சம்பளம் எங்கே செலவாகிறது? ஆலைச் சம்பள நாளில் தையற்காரருக்கு, சைக்கிள் கடைக்கு, மீன் விற்கிற அக்காவுக்குப் பணம் போனது. வேலை ஊரில் இருந்தும் சம்பளம் வெளியூர்க்காரருக்குப் போனால் அந்தச் சங்கிலி இல்லை.

மூலப்பொருள் எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறது? டொலர் கொடுத்து வாங்குவதா, லொறியில் ஏற்றி வருவதா?

களப்பு தாங்குமா? வாழைச்சேனைக் களப்பை நம்பித் தோணி இறக்கும் குடும்பங்கள் ஆலைக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன.

வருடம் முழுக்க வேலை உண்டா? எங்கள் பக்கத்தில் வாடைக்காற்று மாதங்களில் கடலும் இல்லை, கூலி வேலையும் குறைவு. அந்த மாதங்களில் அடுப்பெரிய வைக்கிற வேலைக்குத் தனி மதிப்பு.

யார் உள்ளே போகலாம்? பெண்கள், ஓ.எல். தாண்டாத பிள்ளைகள், பாலத்தின் இரு பக்கத்து ஆட்கள்.

தவறிப்போனால் திரும்ப வழி உண்டா? இதற்கு நான் இரட்டை மதிப்பெண் கொடுக்கிறேன். மெஷினைக் கழற்றலாம், கொட்டகையை வேறு தொழிலுக்கு மாற்றலாம். விற்ற காணி திரும்பி வராது.

| வழி | சம்பளம் ஊரில் | மூலப்பொருள் | களப்பு | பருவம் | திரும்ப வழி |
|---|---|---|---|---|---|
| பழைய ஆலையை முழுதாக ஓட்டுவது | அதிகம் | வைக்கோலும் வெளிநாட்டுக் கூழும் | பெரிய ஆபத்து | வருடம் முழுக்க | கடினம், பெருங்கடன் |
| கழிவுக் கடதாசியில் சிறிய மட்டை (கட்போட்) ஆலை | நடுத்தரம் | கிழக்கிலும் பொலன்னறுவையிலும் | கட்டுப்படுத்தலாம் | வருடம் முழுக்க | உண்டு |
| தையல் முதலிய தொழிற்பேட்டை | அதிகம், பெண்களுக்கு | முழுக்க வெளியில் | குறைவு | ஓர்டரைப் பொறுத்து | குத்தகையானால் உண்டு |
| மீனும் நெல்லும் | நடுத்தரம் | ஊரிலேயே | நடுத்தரம் | ஏற்ற இறக்கம் | உண்டு |
| ஹோட்டல் தொழில் | குறைவு முதல் நடுத்தரம் | பெரும்பாலும் வெளியில் | நடுத்தரம் | அரை வருடம் | காணி போனால் இல்லை |

## 1. பழைய ஆலையை முழுதாக ஓட்டுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். மகஜரில் பெரும்பாலானோர் எழுத விரும்புவது இதைத்தான்.

அப்பா வெட்டுத் தாள்கள் கொண்டு வருவார். ஒரு தாளை எடுத்து ஒரு பக்கமாகக் கிழிப்பார், நூல் பிடித்ததுபோல நேராகக் கிழியும். அதையே குறுக்கே கிழிப்பார், பல்லுப் பல்லாகக் கோணிக்கொண்டு போகும். "மெஷின் ஓடின பக்கம் நார் படுத்திருக்கு. அந்தப் பக்கம் நேராத்தான் கிழியும்" என்பார். அப்புறம் வெளிநாட்டுத் தாள் ஒன்றைக் கையில் தருவார். அது கிழிய மறுக்கும், விரலுக்குத் தெரியும். வைக்கோல் நார் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் நீளம். குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் நார் மூன்று மில்லிமீற்றர் வரும். அதனால் வைக்கோலை வேகவைத்து எடுக்கும் நார்க் கூழை மட்டும் வைத்து உறுதியான கடதாசி செய்ய முடியாது. நீண்ட நார் உள்ள வெளிநாட்டுக் கூழ் கலக்க வேண்டும். 2022இல் ஆலை முழுதாக ஓடிக்கொண்டிருந்தால் பரீட்சைத் தாளுக்கு டொலர் தேடியவர்கள் கூழுக்கு டொலர் தேடியிருப்பார்கள். தேவை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, வைக்கோல் இன்று எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். முன்பு கதிரறுத்து, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களத்தில் அடித்தார்கள். வைக்கோல் ஓரிடத்தில் குவிந்தது. லொறிக்காரர் வந்து ஏற்றினால் சரி. இன்று வெட்டு மெஷின் ஒரே ஓட்டத்தில் அறுத்து அடித்து, வைக்கோலை வட்டை (வயல்வெளி) முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அதைக் கூட்டிக் கட்டுவதற்கு இன்னொரு மெஷின் வேண்டும். மழையில் நனைந்தால் அழுகிவிடும். ஒரு தொன் கூழுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வைக்கோல் தேவை, அதுவும் ஒரு லொறியை நிரப்பினாலும் பாரம் ஏறாத பொருள். கூலியில் பாதி காற்றை ஏற்றி இறக்கத்தான் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைந்த செலவு களப்பில் இருக்கிறது. வைக்கோலைக் காரத்தில் வேகவைத்தால் கூழோடு கறுப்பான கழிவு நீர் வரும். மரக் கூழ் ஆலைகள் அந்த நீரைக் காய்ச்சி எரித்துக் காரத்தைத் திருப்பி எடுத்துவிடுகின்றன. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது காய்ச்சும் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். அதனால் உலகத்தில் பல நாடுகளிலும் சிறிய வைக்கோல் ஆலைகள் அந்தக் கறுப்பு நீரைத் திறந்துவிட்டே பிழைத்தன, சட்டம் இறுகியபோது மூடப்பட்டன. இன்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் இல்லாமல் இப்படியொரு ஆலையை ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. களப்பைக் காப்பாற்றும் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை யாரும் மகஜரில் எழுதுவதில்லை.

மெஷினும் இருக்கிறது. 1950களின் சிறிய கடதாசி மெஷின் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு நூறு மீற்றர் ஓடினால் பெரிது. இன்றைய பெரிய மெஷின்கள் ஆயிரம் மீற்றரைத் தாண்டி ஓடுகின்றன. அதே எண்ணிக்கை ஆட்கள், அதே சம்பளம், ஆனால் பல மடங்கு கடதாசி. விலையில் அவர்களோடு எப்படி மோதுவது?

"ஹிங்குராணையைத் திறந்தார்களே, நம்முடையதை ஏன் திறக்க முடியாது?" என்று தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணைச் சீனி ஆலை 1990களில் மூடப்பட்டு, 2007இல் அரசுக்கு 51, தனியாருக்கு 49 என்ற பங்குடன் கூட்டுக் கம்பனியாக்கப்பட்டு, பிறகு ஓடத் தொடங்கியது. ஆனால் கரும்பை வெட்டினால் ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாறின் இனிப்பு இறங்கிவிடும். கரும்பு விளையும் இடத்தில்தான் ஆலை இருக்க முடியும். கடதாசிக்கு அந்தக் கட்டு இல்லை. இந்தோனேசியாவில் செய்து கப்பலில் கொண்டு வந்தாலும் அது கெடாது. ஹிங்குராணைக்கு இருந்த பிடி வாழைச்சேனைக்கு இல்லை. அங்கேயும் உடன்பாடு எழுதிய கையோடு சீனி வந்துவிடவில்லை. கரும்பு நட்டு, மெஷின் திருத்தி, வருடங்கள் போயின.

எப்போது இது சரியான தெரிவு? இலவசப் பாடநூலுக்கும் பரீட்சைத் தாளுக்கும் ஆண்டுதோறும் இத்தனை தொன் வாங்குவோம் என்று அரசு பத்து வருடத்துக்கு எழுத்தில் உறுதி தந்து, சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் கட்டி, அப்புறம் மெஷின் இறக்குவதானால். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

## 2. கழிவுக் கடதாசியில் சிறிய மட்டை ஆலை

கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கோப்பு, பழைய கொப்பி, கடைகளில் குவியும் கட்போட் பெட்டி, அச்சகத்து வெட்டுத் துண்டு. இவற்றை நீரில் ஊறவைத்து அடித்தால் கூழ் தயார். வேகவைக்கும் வேலையும் இல்லை, கறுப்பு நீரும் இல்லை. வெள்ளைக் கடதாசி என்ற பிடிவாதத்தை விட்டு மண்ணிற மட்டை செய்தால் வெளுக்கும் இரசாயனமும் தேவையில்லை. பழைய வகை ஆலைகளில் ஒரு தொன்னுக்கு நூறு கன மீற்றருக்கு மேல் தண்ணீர் போனது. தண்ணீரை உள்ளுக்குள்ளேயே சுழற்றும் இன்றைய மட்டை ஆலைகள் பத்து, இருபது கன மீற்றரில் முடிக்கின்றன. ஆவிக்கு உமி எரிக்கலாம். எங்கள் பக்கத்து அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை.

சின்னதாகத் தொடங்க இன்னொரு வழி, முட்டைத் தட்டு. அச்சில் கூழை உறிஞ்சி எடுத்துக் காய வைத்தால் தட்டு. வெண்மை வேண்டாம், வழுவழுப்பு வேண்டாம். கோழிப் பண்ணை இருக்கிற வரைக்கும் வாங்க ஆள் இருக்கும். அதில் கை பழகியபின் பெட்டி மட்டைக்குப் போகலாம்.

மறைந்த செலவுகளை மறைக்கப் போவதில்லை. ஓட்டமாவடியில் பழைய சாமான் எடுக்கும் காக்கா ஒருவரிடம் விசாரித்தேன். "ஒரு லொறி சேர மூணு கிழமை எடுக்கும் தம்பி. சேந்தா நல்ல விலைக்குக் கொழும்பில எடுக்கிறாங்க. நீங்க அத விடக் கூடக் குடுப்பீங்களா?" என்றார். கேள்வி சரியானது. கழிவுக் கடதாசியின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். ஆலை திறந்து ஆறு மாதத்தில் விலை ஏறினால் மூலப்பொருள் கொழும்புக்கு ஓடிவிடும். திருகோணமலை, பொலன்னறுவை, கல்முனை வரைக்கும் சேகரிப்பு வலையைப் போட்டு, பாடசாலைகளோடும் அரச அலுவலகங்களோடும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்யாமல் இதில் இறங்கக் கூடாது. ஒரே நாரை ஐந்து முதல் ஏழு தடவைதான் திருப்பித் திருப்பிப் பாவிக்கலாம், ஒவ்வொரு தடவையும் அது குட்டையாகிறது. தரம் பிரிக்கும் வேலை பெண்களுக்குக் கிடைக்கும், ஆனால் தூசி அதிகம்; காற்றோட்டமும் முகமூடியும் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை.

வேலை எண்ணிக்கை சிறியது. நேரடியாக நூறைச் சுற்றித்தான் வரும் என்பது என் கணிப்பு, சேகரிப்போடு சேர்த்தால் இன்னும் சிலர். ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட ஆலை வாசலில் நின்று நூறு பேர் என்று சொல்வது எனக்கு இலேசான காரியமாக இல்லை.

அப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மனே, மெஷின ஓட்டலாம், அது பெரிய வேலையில்ல. மறுகா கூழுக்கு எங்க போற? அத முதல்ல பாருங்க. ஒள்ளுப்பமாத் தொடங்கினாலும் நிக்காம ஓடோணும்" என்றார்.

எப்போது இது சரியான தெரிவு? சேகரிப்பு ஒப்பந்தங்கள் கையில் இருந்தால், பெட்டி வாங்க இரண்டு மூன்று நிரந்தரக் கொள்வனவாளர் இருந்தால்.

## 3. தொழிற்பேட்டை

தங்கை கேட்டதற்கு நேரான பதில் இதுதான். காணியின் ஒரு பகுதியில் கொட்டகை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, தையல் தொழிற்சாலைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் வாடகைக்கு விடுவது. மிக வேகமாக, மிக அதிகம் பெண்களுக்கு வேலை தரக்கூடியது. களப்புக்குப் பெரிய பாரமில்லை, சாயம் போடும் வேலையை உள்ளே விடாத வரை. ஏறாவூர் புன்னைக்குடாவில் துணிச் செயன்முறைக்கென்றே ஒரு வலயம் திட்டமிட்டிருக்கிறார்கள். சாயப்பட்டறை அதற்குரிய சுத்திகரிப்போடு அங்கேயே இருக்கட்டும்.

தையல் மெஷின்களை ஒரு கிழமையில் லொறியில் ஏற்றிவிடலாம் என்பது இதன் பலவீனம். வெளிநாட்டு ஓர்டர் குறைந்தால் முதலில் மூடுவது தூரத்துக் கிளையைத்தான். அதனால் ஒரே பெரிய கம்பனிக்கு முழுக் காணியையும் கொடுக்காமல், தச்சு, இரும்பு வேலை, படகு இயந்திரம் திருத்துதல், தையல் என்று பலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லது. என்ன தொழில் வரும் என்பதையும் ஊர் கேட்டு வாங்க வேண்டும். 2017இல் கல்குடாப் பக்கம் எரிசாராய ஆலை கட்டத் தொடங்கியபோது தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்த்தது நினைவிருக்கும். கட்டத் தொடங்கிய பிறகு எதிர்ப்பதைவிட, எவை வரக்கூடாது என்று மகஜரிலேயே பட்டியல் போடுவது இலகு.

எப்போது இது சரியான தெரிவு? ஊரின் முதல் கவலை இன்றைக்கே பெண்களுக்குச் சம்பளம் என்றால்.

## 4. மீனும் நெல்லும்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகள் கரை சேரும் விடியற்காலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். சூரையும் கெளவல்லாவும் பெட்டி பெட்டியாக இறங்கும். ஐஸைக் கொட்டி, லொறி ஏற்றி, கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். வெயில் ஏறும்போது மேடை கழுவிய ஈரம் மட்டும்தான் மிச்சம். நெல்லும் அப்படித்தான். எங்கள் வட்டை நெல் பொலன்னறுவை ஆலைக்குப் போய், அரிசிப் பையாக எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது.

இந்த நாட்டுக்கு டின்மீன் நெடுங்காலம் பெருமளவு இறக்குமதியாகவே வந்தது. மாசி, கருவாடு, டின்மீன், குளிர்க்களஞ்சியம், நல்ல அரிசி ஆலை எல்லாம் இங்கேயே செய்யலாம். மூலப்பொருளுக்காக வெளியே கையேந்த வேண்டியதில்லை என்பதால் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் மீன் தொழிற்சாலை ஆலைக் காணியில் இருப்பதைவிடத் துறைமுகத்தோடு ஒட்டி இருப்பது நல்லது. மீன் கழிவு நீரும் களப்புக்கு நஞ்சுதான், சுத்திகரிப்பு இதற்கும் வேண்டும். மின்சாரக் கட்டணம் குளிர்க்களஞ்சியத்தின் கழுத்தைப் பிடிக்கும். கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிப்பு, மீன் வரத்துக் குறைவு; அந்த மாதங்களை ஓட்டக் குளிரூட்டிச் சேமித்த மீன் வேண்டும். பெரிய தனியார் ஒருவர் மட்டும் வாங்குகிற நிலை வந்தால் மீனவருக்கு விலை போய்விடும், ஆகவே கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு இருக்க வேண்டும்.

## 5. ஹோட்டல் தொழில்

கனடா மாமாவின் யோசனைக்குக் காரணம் இருக்கிறது. பாசிக்குடா ஐந்தாறு கிலோமீற்றர் தூரத்தில்தான். யுத்தம் முடிந்தபின் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பின. ஆழமில்லாத, அலை அடங்கிய அந்தக் கடலுக்கு ஈடாக இந்தத் தீவில் வேறு கரை குறைவு.

பருவத்தைப் பாருங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை கூட்டம்; வாடைக்காற்று தொடங்கினால் அறைகள் காலி. கடல் தொழிலுக்கும் அதே மாதங்கள்தான் நல்ல மாதங்கள். அதாவது ஹோட்டல் வேலை, ஊர் பசியோடு இருக்கும் காலத்தை நிரப்புவதில்லை. ஏற்கெனவே வேலை இருக்கும் காலத்தில் இன்னொரு வேலையைச் சேர்க்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று நான்கு வருடத்துக்குள் மூன்று தடவை இந்தத் தொழில் படுத்ததையும் கண்ணால் கண்டோம்.

மேற்பதவிகளுக்கு வெளியூர்க்காரர் வருவது, நம் பிள்ளைகள் துப்புரவுக்கும் தோட்டத்துக்கும் போவது என்ற நிலையை மாற்றப் பயிற்சி தேவை. அதற்கு ஒரு பயிற்சி நிலையம் வரட்டும். ஆலைக் காணியில் ஒரு மூலை போதும். மாமா, உங்கள் பணத்தை அந்த மூலைக்குப் போடுங்கள், சமையல், ஆங்கிலம், குளிரூட்டி திருத்துதல் கற்றுக் கொடுக்க. காணியை ஹோட்டல் கம்பனிக்கு எழுதிக் கொடுக்கும் பேச்சுக்கு மட்டும் போக வேண்டாம். அது கடற்கரையும் இல்லை. ஹோட்டலுக்கென்று வாங்குபவர் அதை வேறு எதற்கோதான் வைத்திருப்பார்.

## ஒன்றும் கேட்காமல் விடுவது

பட்டியலில் இது இல்லை, ஆனால் பல வருடங்களாக நடந்து வருவது இதுதான். இதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகள் தலையில் விழுகிறது. கிழமைக் கடன் அறவிட வருபவர் வாசலில் நிற்கும்போது பின்கதவால் போகிற அக்காக்கள் தலையில் விழுகிறது. தாமதிக்கத் தாமதிக்க இரும்பும் துருப்பிடிக்கிறது, தொழில் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள்.

## நான் எழுதுவதானால்

தம்பி, மகஜரை நான் எழுதுவதானால் முதல் வரியில் காணியை வைப்பேன்: ஆலைக் காணியை விற்கக் கூடாது, குத்தகைக்கு மட்டும் விட வேண்டும், சொன்ன தொழிலைச் சொன்ன காலத்துக்குள் தொடங்காவிட்டால் குத்தகை தானாக ரத்தாக வேண்டும். இது கிடைத்தால் மற்றவற்றில் தவறினாலும் அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, முட்டைத் தட்டில் தொடங்கி மட்டைக்கு வளரும் சிறிய ஆலை. பெயர்ப்பலகையில் வாழைச்சேனைக் கடதாசி என்று இருக்கட்டும், அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. மூன்றாவதாக, மிச்சக் காணியில் தொழிற்பேட்டை, வாடகை வருமானத்தில் ஒரு பங்கு பிரதேச சபைகளுக்கு. தங்கை, பெண் பிள்ளைகளுக்குப் பஸ், குழந்தைப் பராமரிப்பு நிலையம் இரண்டையும் இந்தப் பகுதியில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், எழுதாதது வராது. மீன் தொழிற்சாலையைத் துறைமுகத்தின் பேரில் தனி மகஜராகக் கேளுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் இரண்டும் ஒரே கோப்பில் படுத்துவிடும்.

உங்கள் கூட்டத்தில் யாரோ, பெரிய ஆலை கேட்டால்தான் சிறிய ஆலையாவது தருவார்கள் என்று சொன்னார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடியாததைக் கேட்டால், முடியாது என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடுவது அவர்களுக்கு இலகு. கணக்கோடு கேட்டால் கணக்கோடு மறுக்க வேண்டியிருக்கும்.

மகஜரோடு மூன்று காகிதம் இணைக்க வேண்டும்: காணியின் வரைபடம், மாதம் எத்தனை தொன் கழிவுக் கடதாசி சேரும் என்று பழைய சாமான் கடைகளில் நீங்களே விசாரித்து எடுத்த கணக்கு, பாவிக்கக்கூடிய கட்டடங்களின் பட்டியல். கடைசிப் பட்டியலுக்கு அனுமதி எடுத்து ஒரு நாள் உள்ளே நடந்து பார்க்க வேண்டும். போகும்போது பழைய ஆட்கள் இரண்டு பேரையாவது கூட்டிப் போங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் சொன்ன அந்தப் பெரியவருக்கு இப்போது ஒரு கண் சரியாகத் தெரியாது, நடப்பதும் கஷ்டம். வர விருப்பம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஓட்டோ ஒன்று அனுப்ப வேண்டும், காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்.